நிழலில் உலரும் மண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 32 வயது. குரூப் 2 தேர்வில் முதல் முறை முதல்நிலையிலேயே தவறினேன். அடுத்த இரண்டு முறையும் முதன்மைத் தேர்வோடு நின்றுவிட்டேன். உடன் படித்தவர்கள் வேலை, திருமணம், வீடு என்று வெகுதூரம் போய்விட்டார்கள். ‘நேரம் வந்தால் எல்லாம் தானாக நடக்கும், பொறுமையாக இரு’ என்கிறார் அம்மா. அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பொறுமை என்பது தோற்றவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதல்தானா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மா சொன்னவற்றில் ‘நேரம்’ என்ற சொல்லை ஏற்கிறேன். ‘தானாக’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லப் பூசி, நிழலில் உலர வைக்கிறார்கள். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகும், வெளியே மண் வெடிக்கும். ஒரு பூச்சு உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. பிறகு சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அது விட்டுச்சென்ற இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி அச்சையே பிளந்துவிடும்.

அன்று ஒருவர் கும்பாபிஷேகத் தேதியைச் சொல்லித் தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். ஸ்தபதி எழுந்துபோய், மண் பூசிய அச்சின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, ‘இன்னும் குளிர்ச்சி இருக்கிறது’ என்று மட்டும் சொன்னார். பின்பு மயிரிழைபோல ஓடியிருந்த ஒரு வெடிப்பை ஈரமண்ணால் அடைத்துவிட்டு, முன்பே வார்த்திருந்த வேறொரு சிலையின் விரலிடுக்கைச் செதுக்க உட்கார்ந்துவிட்டார். மண் உலரும் வேகம் அவர் கையில் இல்லை. ஆனால் அந்த நாளின் ஒரு மணி நேரம்கூட அவருக்கு வீணாகவில்லை. பொறுமை என்று நான் மதிப்பது அந்த இருப்பைத்தான்.

முதல்நிலையில் தவறிய நீங்கள் அதை இரண்டு முறை தாண்டியிருக்கிறீர்கள். அது உலர்ந்த பூச்சு. முதன்மைத் தேர்வில் எந்தத் தாளில் மதிப்பெண் குறைந்தது என்று பார்த்து, அந்த வெடிப்பை இப்போது அடைத்துவிடுங்கள். கூடவே ஒரு பகுதிநேர வேலையையும் தேடிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்தில் கையில் சொந்தப் பணம் இருப்பது மனத்தை எவ்வளவோ நிமிர்த்தி வைக்கும். வார்ப்பு தவறிப்போவதும் உண்டு என்பதை நான் மறைக்கமாட்டேன். மெழுகு உருகிப் போய்விட்டபடியால், அப்போது உருவத்தை முதலிலிருந்தே செய்தாக வேண்டும். இன்னொரு முறை எழுதிப் பார்த்தபின் வேறு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தால், அதைப் பொறுமையின்மை என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

சுவாமிமலை உங்கள் ஊருக்குத் தொலைவில்லை. கும்பகோணம் போய் அங்கிருந்து பேருந்து மாறினால் போதும். அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். உலர்ந்துகொண்டிருக்கும் அச்சு ஏதேனும் இருந்தால், ஸ்தபதியிடம் கேட்டுக்கொண்டு, இருவரும் அதன்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

அன்புடன்.