கல்வி கேள்வி–பதில்: ஆயிரம் ரூபாயும் ஏழரை சதவீதமும்

பதில் சொல்பவர்: தருமபுரிப் பக்கம் அரசுக் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை

கேள்வி: சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடன் வாங்கித்தான் மகனைத் தனியார் பள்ளியில் படிக்க வைத்தேன். எங்கள் வீட்டில் அவன்தான் முதலில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிறான். அவனைவிட கட்-ஆஃப் குறைந்த பையனுக்கு, அரசுப் பள்ளியில் படித்தான் என்பதற்காக இடமும் கொடுத்து, ஃபீஸும் கட்டி, மாதம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கிறார்கள். எல்லாம் எங்கள் வரிப்பணம். இது நியாயமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஐயா, உங்கள் மகனுக்கு ஆக வேண்டிய காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரி சலுகை அவனுக்கு உண்டு. 2010இல் வந்த திட்டம் அது. எந்தப் பள்ளியில் படித்தான் என்று அதில் கேட்க மாட்டார்கள். சாதியோ வருமானமோ தடையில்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியலில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ரேஷன் கார்டையும் வீட்டில் உள்ளவர்களின் பள்ளி டி.சி.யையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டம் தாங்காது.

இந்தச் சலுகையும் நீங்கள் கோபப்படுகிற திட்டங்களும் ஒரே எண்ணத்தில் பிறந்தவைதான். வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத, பணமில்லாத பிள்ளை கல்லூரிக்குள் வரவேண்டும் என்பதுதான் அந்த எண்ணம்.

ஏழரை சதவீதத்துக்கு வருவோம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. அதற்கு முன் நீட் நடந்த ஆண்டுகளில், அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தனைக்கும் பிளஸ் டூ படிப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கொடுக்கலாம் என்றது, அரசு 7.5 ஆக்கியது. முதல் ஆண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து 400 இடங்களுக்கு மேல் கிடைத்தன. இவர்களும் நீட் எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள்தான். மீதி 92.5 சதவீத இடங்கள் அப்படியே இருக்கின்றன. வழக்குப் போட்டார்கள், 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஐந்து ஆண்டுகளில் மறுபரிசீலனை செய்யவும் சொன்னது. அந்த மறுபரிசீலனையை நானும் வரவேற்கிறேன். கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

கட்-ஆஃப் குறைவு என்கிறீர்கள், சரி. இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் பாதி வருடம் ஓட்டிய பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவார்கள். டியூஷன் என்பதே அவர்கள் ஊரில் கிடையாது. அப்படி வந்து 140 எடுத்தவனும், இரண்டு வருடம் கோச்சிங் போய் 150 எடுத்தவனும் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் செமஸ்டரில் 140 திணறுவான். மூன்றாவது செமஸ்டரில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. கல்லூரிக்குள் வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே திருத்தம். அங்கே யாருக்கும் ஏழரை கிடையாது.

ஃபீஸை ஏன் அரசு கட்டவேண்டும் என்பதற்கும் 2020லேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த முதல் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணத்தைக் கேட்டுவிட்டு இடமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டாக்டர் சீட்டை, ஐயா! அதற்குப் பிறகுதான் அரசே கட்டணத்தை ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று இந்த ஒதுக்கீட்டை விரித்தபோது கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் சேர்த்தே ஏற்றார்கள்.

அப்புறம் அந்த ஆயிரம் ரூபாய். அதை இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது, கட்டாதவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மறுநாளிலிருந்து அந்தப் பட்டியலில் இருக்கும் சில பிள்ளைகள் வரமாட்டார்கள். விசாரித்தால் காய்ச்சல், வயிற்று வலி, ஊரில் திருவிழா என்பார்கள். காசில்லை என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பையன்கள் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிவிட்டு வருவார்கள். சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் அதோடு படிப்பு முடிந்தது, அடுத்த தை மாதம் கல்யாணப் பத்திரிகைதான் வரும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆயிரம் ரூபாயைத் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அதுவரை திருமண உதவியாக இருந்ததைத்தான் உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், செல்போன் ரீசார்ஜ், மாதவிலக்கு நாப்கின் இவற்றுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

வரியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடையில் சோப்பு வாங்கும் கூலிக்காரரும் வரி கட்டிவிட்டுத்தான் போகிறார். 2021–22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் சேர்த்தால் 28.4. அந்த இடைவெளி ஒரே நாளில் வந்ததல்ல. சத்துணவு, பஸ் பாஸ், விடுதி, உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்தது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்தபோது ‘இது எதற்கு?’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிப் படிக்கவைக்கிறவருக்கும் இன்னும் உதவி வேண்டும் என்று கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அடுத்த பிள்ளைக்குக் கிடைப்பதை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மா, நான் பொறியியல் முதலாமாண்டு. 7.5 ஒதுக்கீட்டில் வந்தேன். விடுதியில் என்னை ‘ஏழரை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.
– மாணவி, பெண்ணாகரம்

பதில்: கண்ணு, நீ மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. சட்டசபையில் சட்டம் போட்டு, உன்னைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் அது. உன் பள்ளியிலிருந்து அந்த இடத்துக்குப் போட்டியிட்டு வென்றுதான் வந்திருக்கிறாய். கூப்பிடுவது தொடர்ந்தால் விடுதிக் காப்பாளரிடம் எழுத்தில் கொடு. ராகிங் புகார் என்றே எழுது, அதுதான் அதன் பெயர்.

முதல் செமஸ்டர் கணிதம் உன்னைப் பயமுறுத்தும். ஆங்கிலத்தில் நடத்துவதால்தான் பாதிப் பயம். பாடம் தொடங்கும் முன் அந்த அத்தியாயத்தைத் தமிழ்வழி பிளஸ் டூ புத்தகத்தில் ஒருமுறை புரட்டிவிட்டுப் போ. தெரிந்த விஷயம்தான் வேறு பெயரில் வருகிறது என்று தெரியும். பேப்பர் நின்றுவிட்டால் எனக்கு எழுது.

கேள்வி: மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தாலும் முதல் பட்டதாரி சலுகை வாங்கித் தருகிறேன் என்கிறார் எங்கள் ஊருக்கு வந்த ஒரு ஏஜென்ட். நம்பலாமா?
– ஒரு தாய், அரூர்

பதில்: நம்பாதீர்கள் அம்மா. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே அந்தச் சலுகை. முன்பணம் கொடுக்காதீர்கள், அசல் சான்றிதழ்களை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அசலை வாங்கி வைத்துக்கொண்டால் பிள்ளை வேறெங்கும் போக முடியாது.

கேள்வி: எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் போன வருடம் பிளஸ் டூ தேறியவர்களில் சிலர் எங்குமே சேரவில்லை. இத்தனை திட்டம் இருந்தும் ஏன்? நாங்கள் என்ன செய்யலாம்?
– தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சார், இத்தனை திட்டங்கள் இருப்பது அந்த வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு இவற்றுக்கு அலைவதற்குள் ஒரு வாரக் கூலி போய்விடும். பிள்ளைகள் பிளஸ் டூ வகுப்பில் இருக்கும்போதே, அரையாண்டு விடுமுறைக்கு முன் இவற்றைப் பள்ளியிலேயே எடுத்து முடித்துவிடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்தும் மார்க் ஷீட்டில் வேறு எழுத்தும் இருந்தால் அப்போதே திருத்துங்கள்.

நான் முதல்வன் திட்டத்தில் ‘உயர்வுக்குப் படி’ என்று முகாம் நடத்துகிறார்கள். சேராமல் விட்டவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே வைத்தது. உங்கள் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பெற்றோரையும் அழைத்துப் போங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் அப்பாக்களை. ஹாஸ்டல் எங்கே, வார்டன் யார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்துகொண்டு போங்கள்.