டவுன் சிண்ட்ரோம் ஏன் வருகிறது? அந்தக் குழந்தைகள் எப்படி வளர்வார்கள்?

நம் உடம்பின் செல்களில், மரபணுக்களைத் தாங்கும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. இதில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் அதுதான் டவுன் சிண்ட்ரோம். இந்தக் கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்பது பிரான்சில் 1959இல் கண்டறியப்பட்டது.

ஏன் மூன்றாகிறது? பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது, பிரிய வேண்டிய ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுகிறது. அம்மாவின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடும். ஆனால் இளம் அம்மாக்களுக்கும் நடக்கும். மிகச் சிலருக்கே பெற்றோர் வழியாக வருகிறது. குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனையில் அது தெரியும்.

குழம்புக்கு இரண்டு பேர் சரியாக உப்புப் போட்டபின் மூன்றாவது ஆளும் போட்டால் என்ன ஆகும்? உப்பில் குறையில்லை, அளவுதான் மிஞ்சிவிட்டது. இங்கும் அப்படித்தான்.

சரி, வளர்ச்சி? தசைகள் தளர்வாக இருப்பதால் தலை நிற்பதும் உட்காருவதும் தாமதமாகும். பல குழந்தைகள் இரண்டு வயதையொட்டி நடக்கிறார்கள். பேச்சு இன்னும் தாமதம். ஆனால் புரிதல் பேச்சுக்கு முன்னே ஓடும். 'தண்ணி' என்று சொல்ல வராத பிள்ளை டம்ளரைக் காட்டிக் கேட்கும். அந்தச் சைகையைத் தடுக்காதீர்கள், அதுதான் பேச்சுக்கு வழி. கைக்குழந்தையிலேயே பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்குவது நல்லது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருப்பதால், பிறந்ததும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட வேண்டும். அப்புறம் தைராய்டு, காது கேட்கும் திறன் இரண்டையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலோ, கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாலோ இது வருவதில்லை.