தோல் ஒட்டுவதற்கு முன் இத்தனை படங்கள் தேவையா?

அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் மாதக்கணக்கில் ஆறாத புண், தோல் ஒட்டும் முன் டாப்ளரும் (காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) புண்ணில் ஒளி அடித்து ஒரு படமும் எடுக்கச் சொல்கிறார்கள், வீண் செலவா என்று கூடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. நான் கோத்தகிரிப் பக்கம் செவிலியர். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அத்தைக்கும் இதே புண்தான்.

தொடையில் சீவி எடுக்கும் அந்த மெல்லிய தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் ஓரிரு நாள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கும். அப்புறம் கீழிருக்கும் நுண்குழாய்கள் வந்து சேர வேண்டும். கீழே ரத்தமே வராவிட்டால் ஒட்டிய தோல் கறுத்து உரிந்துவிடும், தொடைப் புண்தான் மிச்சம்.

அதனால் முதலில் டாப்ளர். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தை மட்டும் நம்ப முடியாது. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். கால் பெருவிரலிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இன்னொன்று, மலைக்குளிரில் விறைத்த காலோடு போய்ப் படுத்தால் ரத்த ஓட்டம் குறைவாகத் தெரியும். கொஞ்ச நேரம் கம்பளி போர்த்தி உட்கார வைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

ஒளிப்படத்துக்கு வருகிறேன். அத்தையின் புண்ணில் சீழ் இல்லை, நாற்றம் இல்லை. "நல்லா செவப்பாத்தானே இருக்கு, இன்னும் என்ன படம்?" என்றார். விளக்கை அணைத்து, 405 நானோமீட்டர் ஊதா ஒளியைக் காட்டினார்கள். கீழ் ஓரத்தில், தடித்த தோலை ஒட்டி, தணல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பல பாக்டீரியாக்கள் உண்டாக்கும் போர்ஃபைரின் என்ற பொருள் அந்த ஒளியில் அப்படிச் சிவக்கும். சூடோமோனாஸ் என்ற கிருமி என்றால் நீலப்பச்சையாக மின்னும். ஒரு கிராம் சதையில் கிருமி ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஒட்டு பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். டாக்டர் அந்த ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அங்கிருந்தே கல்ச்சருக்கும் (என்ன கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்ப்பது) எடுத்து, ஒட்டுவதைத் தள்ளிப்போட்டார். மறுபடி காட்டியபோது கோடு இல்லை. அதன் பிறகு ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஆனால் இந்த ஒளி மேலே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் காட்டும். ஒட்டிய தோலையே அரித்துவிடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இதில் சிவக்காது. ஆகவே கல்ச்சரை விடக் கூடாது. புண் எலும்பு வரை போயிருந்தால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. ஒளிக்கருவி எல்லா ஊரிலும் இருக்காது. அது கிடைக்காவிட்டாலும் டாப்ளரும் கல்ச்சரும் கட்டாயம்.

கோயம்புத்தூரில் ஒட்டினால் முதல் கட்டுப் பிரிக்கும் வரை அங்கேயே தங்கப் பாருங்கள். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி வந்தால் கால் வீங்கும், தோல் நகர்ந்துவிடும். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.