‘ஸ்ட்ரெயிட்லி’ பிழையா?

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் பழைய ஆங்கில பைபிளைக் கொண்டுவந்து காட்டினாள். மாற்கு 3:12-இல் ‘ஸ்ட்ரிக்ட்லி’ வரவேண்டிய இடத்தில் ‘ஸ்ட்ரெயிட்லி’ என்று இருக்கிறது. நடுவில் ஜி, எச் இரண்டும் இல்லை. அச்சுப்பிழையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு ஒப்பவில்லை. இன்னொன்று: ஸ்ட்ரிக்ட்லி என்பதற்கு எப்போதும் ‘கண்டிப்பாக’ என்றே எழுதலாமா?

ஒரு வாசகி, மண்டபம்

*

அன்புள்ள டீச்சருக்கு,

பிழை இல்லை. நாளைக்கே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். எழுத்து எழுத்தாகப் பார்த்துப் படிக்கிற பிள்ளை. அவளுக்குத் தவறான பதில் தங்கிவிடக் கூடாது.

கட்டுமரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மரங்களைச் சேர்த்து வைத்து, கயிற்றைச் சுற்றி, மரத்தில் காலை உதைத்துக்கொண்டு, உடம்பு முழுவதும் பின்னால் சாய இழுப்பார்கள். கயிறு முனகும். இரண்டு மரத்துக்கு நடுவில் விரல் நுழைய இடம் இருக்காது. லத்தீனில் இந்தச் செயலுக்குப் பெயர் ‘ஸ்ட்ரிங்கெரே’, இறுக்கிக் கட்டுவது. கட்டி முடித்த நிலை ‘ஸ்ட்ரிக்டஸ்’.

இந்த ஒரு சொல் இங்கிலாந்துக்குள் இரண்டு முறை நுழைந்தது. முதலில் பிரெஞ்சு வழியாக, 1200-ஐ ஒட்டி, வாயில் தேய்ந்து ‘ஸ்ட்ரெயிட்’ என்று வந்தது. இருநூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, படித்தவர்கள் லத்தீனிலிருந்தே நேராக எடுத்துக்கொண்டது ‘ஸ்ட்ரிக்ட்’. மூத்தது ஸ்ட்ரெயிட், இளையது ஸ்ட்ரிக்ட். ஜி, எச் போட்டு எழுதும் ‘நேரான’ என்கிற ஸ்ட்ரெயிட்டுக்கு இந்தக் குடும்பத்தோடு உறவே கிடையாது; அது நீட்டுவது என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டதால் ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்த மாணவியின் கையில் இருப்பது 1611-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். அதில் ஸ்ட்ரெயிட்லி பல இடங்களில் வருகிறது. யோசுவா 6:1-இல் எரிகோ நகரம் ‘ஸ்ட்ரெயிட்லி’ அடைக்கப்பட்டிருக்கிறது: இறுக்கமாக, ஆள் புகாதபடி. ஆதியாகமம் 43:7-இல் எகிப்தின் அதிபதி யோசேப்பின் சகோதரர்களை ‘ஸ்ட்ரெயிட்லி’ விசாரிக்கிறார். நாம் ‘நெருக்கி நெருக்கிக் கேட்டான்’ என்போமே, அதேதான். மாற்கில் அதே சொல் கடுமையான கட்டளையாகிவிடுகிறது. கயிற்றின் இறுக்கம் கதவுக்கும், கேள்விக்கும், கட்டளைக்கும் போன பாதை முழுவதும் ஒரே புத்தகத்தில் கிடக்கிறது. பிற்பாடு இளையவன் வேலையை எடுத்துக்கொண்டான், ஸ்ட்ரெயிட்லி வழக்கொழிந்தது.

ஆனால் ஸ்ட்ரெயிட் உங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. இடுக்கமான கடல்வழிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். வரைபடத்தில் பாக் நீரிணை என்று இருப்பது ‘பாக் ஸ்ட்ரெயிட்’. 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர் முன்னால், இந்தச் சொல் பின்னால். அவர்கள் இறுக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் முன்பு ஜலசந்தி என்றோம், இப்போது நீரிணை என்கிறோம். இரண்டிலும் தண்ணீர் சந்திப்பதும் இணைவதும்தான் தெரிகிறது. மாவட்டத்தைக் குறிக்கும் ‘டிஸ்ட்ரிக்ட்’டும் இதே கயிற்றில் கட்டியதுதான்: ஒரு பிரபுவின் பிடி செல்லுபடியாகும் எல்லை.

சரி, ‘கண்டிப்பாக’வுக்கு வருகிறேன். அந்தச் சொல்லின் அடியில் கயிறு இல்லை, கத்தி இருக்கிறது. கண்டித்தல் என்றால் வெட்டுதல், துண்டாக்குதல். கண்டம் என்கிறோமே, அந்த வடமொழி வேர். ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று பேசுவதுதான் கண்டிப்பு. எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் அது இப்போது வேறு வேலைக்கும் போய்விட்டது. ‘கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன்’ என்பதில் கடுமை எங்கே இருக்கிறது?

அதனால் இடம் பார்த்துப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் ‘விசைப்படகுகள் கண்டிப்பாகக் கடலுக்குச் செல்லக் கூடாது’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. ‘விதிகள் கண்டிப்பாக அமல்படுத்தப்படும்’ என்று எழுதினால்தான் சிக்கல்: நிச்சயமாக அமல்படுத்துவார்களா, கடுமையாகவா? அங்கே ‘கறாராக’ என்று எழுதலாம். உருது வழியாக வந்த சொல். ஏலத்தில் விலையைக் கறாராகச் சொல்லிவிட்டு நிற்பவர் முகத்தைப் பார்த்தாலே அர்த்தம் புரியும். ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்பீக்கிங்’ என்பதற்கும் ‘கறாராகச் சொன்னால்’ என்பதே பொருத்தம். சொல்லை அதன் இடுக்கமான பொருளில் பிடித்துக்கொண்டு பேசுவது அது.

அந்தப் பெண்ணிடம் இன்னும் ஒன்று சொல்லுங்கள். அதே பைபிளில் மத்தேயு 7:13-ஐத் திறந்து, வாசலுக்கு என்ன அடைமொழி என்று பார்க்கட்டும். அப்புறம் வீட்டிலுள்ள தமிழ் வேதாகமத்தில் அதே வசனம். ‘இடுக்கமான வாசல்’ என்று இருக்கும். ஜி, எச் ஏன் இல்லை என்று அவளே உங்களுக்கு விளக்குவாள்.