யாழ்ப்பாணத்தில் முன்பணம் கட்டி மாரி மரக்கறிப் பங்கு எடுக்கலாமா?

உரும்பிராய்ப் பக்கத் தோட்டக்காரர் ஒருவர் புரட்டாசியில் காசு வாங்கி, பங்குனி வரைக்கும் கிழமைக்கொரு பெட்டி மரக்கறி தருகிறேன் என்கிறார், நம்பிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். கட்டுவதற்கு முதல் ஒன்றைக் கேளுங்கள்: கோவாவை (முட்டைக்கோசை) எத்தனை தரமாக நடுவீர்கள்?

எங்கள் தோட்டக்காரரின் கை சந்தைக்கு நட்டுப் பழகிய கை. ஒரு பரப்புக் காணியில் ஒரே நாளில் ஆயிரம் கன்று வைப்பார், எல்லாம் ஒரே கிழமையில் முற்றும், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சந்தையில் இறக்கிவிட்டு அடுத்த பயிருக்குப் பாத்தி கட்டுவார். பங்குக்கு அந்தக் கணக்குச் சரிவராது. பத்துக் குடும்பம், கிழமைக்கு ஒரு கோவா, ஆறு கிழமை என்றால் 60 கோவாதான் தேவை. அழுகல், புழு என்று போவதற்கு 15 சேர்த்து 75 கன்று. அதை 25 கன்றாக, பதினாலு நாள் விட்டு விட்டு, மூன்று தரம் நடவேண்டும். நாற்றுமேடையும் மூன்று தரம் போடவேண்டும். வேலை கூடத்தான். ஆனால் அதைச் செய்யாவிட்டால் மாசியில் ஒரு பெட்டிக்குள் நாலு கோவா வரும், பங்குனியில் ஒன்றும் வராது. கரட்டை இரண்டு கிழமை மண்ணிலேயே விட்டுவைத்துச் சமாளிக்கலாம். முற்றிய கோவாவுக்கு அந்தப் பொறுமை இல்லை, ஒரு மழை விழுந்தால் வெடித்துவிடும்.

அடுத்தது, பெயரை நம்பி ஏமாறாதீர்கள். மாரி மரக்கறி என்று சொன்னாலும் மாரி மழைக்குள் பெட்டி மெலிந்துதான் இருக்கும். கார்த்திகையில் கோவா நட்டால் வெட்டுவதற்கு இரண்டரை மாதம், கரட்டுக்கு விதைத்து மூன்று மாதம். ஆகவே கோவா, கரட், பீட்றூட், உருளைக்கிழங்கு எல்லாம் தை கடைசியிலிருந்துதான். அதுவரைக்கும் ஆவணியில் வைத்த கத்தரியும் பூசணியும், அவற்றோடு மரவள்ளி, வாழைக்காய், வல்லாரை, பொன்னாங்காணி. அடைமழையில் பயிற்றை, தக்காளியின் பூ கொட்டும், முளைக்கீரை சேற்றில் படுத்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால் கந்தசஷ்டி, பிள்ளையார் பெருங்கதை, திருவெம்பாவை என்று வீட்டில் மச்சம் சமைக்காத நாட்கள் எல்லாம் இந்த மெலிந்த மாதங்களில்தான் வரும். பெட்டியை மட்டும் நம்பி விரதம் பிடித்தால் கத்தரிக்காய்க் குழம்புதான் திரும்பத் திரும்ப. தை கடைசி வரைக்கும் கொஞ்சம் சந்தையிலும் வாங்கத்தான் வேண்டும் என்று முதலே நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தையும் போய்ப் பாருங்கள். செம்பாட்டு மேட்டுநிலம் என்றால் தண்ணீர் வடியும். வயல் கரைக் காணி என்றால் மாரியில் வேர் அழுகும். அங்கே நெல் வெட்டிய பிறகுதான் மரக்கறி பேசலாம். 2008 நிஷா, 2020 புரெவி மாதிரி ஒரு புயல் வந்தால் எந்தக் காணியும் தாங்காது. அப்போது காசு திரும்ப வருமா? இந்த முறையின்படி வராது. நட்டத்திலும் பங்கு என்பதால்தான் அதற்குப் பங்கு என்று பெயர். ஆனால் எந்த அழிவுக்கு நீங்கள் பொறுப்பு, எதற்கு அவர் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வெள்ளம் இரண்டு பேருக்கும். நாற்று பிந்தியது, தண்ணீர் பாய்ச்சாதது, நல்லதைச் சந்தைக்கு அனுப்பியது அவருக்கு. காசைப் பாதியாகக் கட்டுங்கள்: விதைக்கும் உழவுக்கும் கூலிக்கும் புரட்டாசியில் பாதி, தைப்பொங்கல் கழிய மீதி.

"இது வெள்ளைக்காரரின் பாஷன், எங்களுக்குச் சந்தை காணும்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். ஜப்பானில் 1970களிலேயே 'தெய்கெய்' என்ற பெயரில் குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவுக்கு இது 1986 இல்தான் போனது. சந்தையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 100 கிலோ கொண்டுபோனவருக்கு 10 கிலோவைக் 'கழிவு' என்று வெட்டிவிட்டு 90 கிலோவுக்குக் காசு கொடுக்கிற வழக்கத்துக்கு யாராவது நியாயம் சொல்லட்டும். அழுகினது இருந்தால் பொறுக்கி எடுத்து நிறுக்கலாமே. நல்ல கத்தரிக்காயிலும் பத்தில் ஒன்று எப்படிக் கழிவாகும்? பங்கு எடுப்பதால் சந்தை அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பத்துக் கிலோ தோட்டக்காரரிடம் நிற்கும், அவ்வளவுதான்.

"நஞ்சில்லாதது" என்று தோட்டக்காரர் சொன்னால், கோவாவின் வெளி இலையைப் பாருங்கள். சிறு ஓட்டைகள் இருப்பது நல்லது. ஒரு ஓட்டையும் இல்லாவிட்டால் கடைசியாக எப்போது மருந்தடித்தது, அடித்து எத்தனை நாளில் வெட்டியது என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

பெட்டி வந்த அன்றே செய்யவேண்டியது: கரட், பீட்றூட்டின் இலையை இரண்டு விரற்கடை விட்டு வெட்டுங்கள், வெட்டாமல் விட்டால் இலை கிழங்கின் நீரை இழுத்து இரண்டு நாளில் தொய்ந்துபோகும். பீட்றூட் இலையை எறியாமல் தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்கலாம். கீரையைக் கழுவி வைக்கவேண்டாம், பேப்பரில் சுற்றி வையுங்கள். மழைநாளில் பிடுங்கியது என்றால் முதலில் சுளகில் பரப்பி ஈரம் உலரவிடுங்கள், ஈரத்தோடு பையில் கட்டினால் மறுநாளே மணக்கும்.