கார் ஆடியோ கேள்வி-பதில்: பேஸ் ஏத்துனா ஆம்ப் ஏன் படுத்துக்குது?

கேள்வி: அண்ணே, பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி. தீபாவளி போனஸ்ல 12 இன்ச் சப்-வூஃபரும் (பேஸ் மட்டும் பாடுற பெரிய ஸ்பீக்கர்) அதை ஓட்ட 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்குற பவர்) மோனோ ஆம்பும் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயர்) போட்டேன். கம்மி வால்யூம்ல சூப்பரா இருக்கு, ஆனா கொஞ்சம் ஏத்தி வச்சு குத்துப்பாட்டு போட்டா சப் மட்டும் ரெண்டு செகண்ட் செத்துப்போய் திரும்ப வருது. அந்த நேரம் ஆம்ப்ல பச்சை லைட்டு சிவப்பாகி மறுபடி பச்சையாகுது. மாட்டுன கடையில கேட்டா பேட்டரி மாத்துங்க, இல்லேன்னா கெபாசிட்டர் போடுங்கன்றாங்க. பேட்டரி வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல. ஆம்ப் போயிடுச்சாண்ணே?
- சேலம் வாசகர்

பதில்: ஆம்ப் போகல தம்பி, போன ஆம்ப் ரெண்டு செகண்ட்ல எந்திரிச்சு வந்து பாடாது. அந்த சிவப்பு லைட்டுக்குப் பேரு ப்ரொடெக்ட். உள்ள வர்ற வோல்ட் ரொம்ப இறங்குனாலோ, சூடு ஏறுனாலோ, ஸ்பீக்கர் சைடுல ஷார்ட் ஆனாலோ ஆம்ப் தன்னைத்தானே காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும். நம்ம ஊர்ல சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தா ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக்குனு கட் பண்ணிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப குடுக்குமே, அதே கதைதான். உங்களுக்கு பேஸ் அடிக்கும்போது மட்டும் கட்டாகி உடனே வர்றதால, சூடா இருக்க வாய்ப்பு கம்மி, வோல்ட் இறங்குறதுன்னுதான் எனக்குத் தோணுது.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. 500 வாட்ஸ் வெளிய வரணும்னா, கிளாஸ் டி ஆம்ப் (கரண்ட்டை அதிகம் வீணாக்காத வகை) ஒரு 80 சதவீதம் திறமைன்னு வச்சுக்கிட்டா கூட உள்ள 625 வாட்ஸ் போகணும். வண்டி ஓடும்போது 13.8 வோல்ட், அப்போ 45 ஆம்பியர் கிட்ட இழுக்கும். இந்த 45 ஆம்பியர் போற வழியில எங்கயாச்சும் ஒரு கனெக்‌ஷன்ல வெறும் 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தா போதும், 2.25 வோல்ட் அங்கயே காணாமப் போயிடும். பாட்டு மெதுவா ஓடும்போது 5 ஆம்பியர்தான் இழுக்குதுன்னா அதே இடத்துல கால் வோல்ட்தான் போகும், ஒண்ணும் தெரியாது. அதான் கம்மி வால்யூம்ல சூப்பரா இருக்குன்னு சொல்றீங்க.

நிறைய பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க. மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு எர்த்தை (ஆம்போட நெகட்டிவ் வயரை வண்டி பாடியில மாட்டுன இடம்) தொட்டுப் பாத்துட்டு "கனெக்‌ஷன் ஓகே சார்"னு சொல்லிடுவாங்க. அந்த மீட்டரோட ரெண்டு வயருக்கே 0.1, 0.2 ஓம் இருக்கும், அதை வச்சு 0.05 ஓமை எப்படிங்க கண்டுபிடிக்கிறது? பாட்டு நின்னிருக்கும்போது வோல்ட் அளந்து 12.6 இருக்குன்னு சொல்றதும் இதே மாதிரி வேலைதான். லோடு இழுக்கும்போது அளக்கணும், அதுவும் கட்டாகுற அந்த நேரத்துல.

இப்படி பண்ணுங்க. எஞ்சின் ஓடட்டும். வீட்ல யாரையாச்சும் முன்சீட்ல உக்கார வச்சு போன்ல 50 ஹெர்ட்ஸ் டோன் போடச் சொல்லி வால்யூமை மெதுவா ஏத்தச் சொல்லுங்க, ஒரு அஞ்சு செகண்டுக்கு மேல வேணாம், தொடர்ந்து டோன் போட்டா வூஃபர் காயில் வெந்துரும். நீங்க டிக்கியில மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஆம்போட 12 வோல்ட் ஸ்க்ரூவுலயும் எர்த் ஸ்க்ரூவுலயும் பிடிங்க. 13க்கு மேல நின்னா நல்லது. 11, 10.5னு விழுந்தா அதே சோதனையை பானெட்டைத் திறந்து நேரா பேட்டரி டெர்மினல்ல பண்ணுங்க. பேட்டரியில 13.5 நிக்குது ஆம்ப்ல 10.8தான்னா பேட்டரி மேல பழி போட வேண்டாம், மிச்ச வோல்ட்டை முழுங்குறது வழிதான். பேட்டரியிலயே 11க்கு விழுந்தா மட்டும் கடைக்காரர் சொன்னது சரி, ஆல்டர்னேட்டரையும் சேத்து செக் பண்ணச் சொல்லுங்க.

அடுத்து எர்த். மீட்டரோட ஒரு முனையை ஆம்ப் எர்த் ஸ்க்ரூவுல வைங்க, இன்னொரு முனையை டிக்கியில பெயிண்ட் இல்லாத பாடி மெட்டல்ல அழுத்திப் பிடிங்க. டோன் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டுச்சுன்னா ஆள் மாட்டிக்கிச்சு. அந்த போல்ட்டைக் கழட்டிப் பாருங்க, பாதி கேஸ்ல லக்கு (வயர் முனையில இருக்குற வளையம்) பெயிண்ட் மேலயே உக்காந்திருக்கும். போல்ட்டோட மரை மட்டும்தான் பாடியைத் தொட்டுக்கிட்டு இருக்கும், வாஷரைச் சுத்தி பெயிண்ட் லேசா பழுப்பேறி ஒரு வளையம் விழுந்திருக்கும், அது சூட்டுல கருகுன அடையாளம். எமரி ஷீட் வச்சு ஒரு ரூபா காசு அளவுக்கு பளபளன்னு தகரம் தெரியுற வரைக்கும் தேய்ச்சு, லக்கை இறுக்கிட்டு, மேல துரு பிடிக்காம பெயிண்ட் தடவிடுங்க. எர்த் வயர் அரை மீட்டருக்குள்ள இருக்கட்டும், பவர் வயர் என்ன தடிமனோ அதே தடிமன்ல. சீட் பெல்ட் போல்ட்ல மட்டும் மாட்டாதீங்க, அது உயிர் சமாச்சாரம்.

எர்த் நல்லா இருந்தா பவர் வயரைப் பாக்கணும். 4 கேஜ்னு எழுதிருக்கும், விரல் தடிமன்ல சிவப்பா மினுமினுன்னு இருக்கும், வெட்டிப் பாத்தா ரப்பர்தான் முக்கால்வாசி. ஒரு இழையை எடுத்து பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா வந்தா அது அலுமினியத்து மேல காப்பர் பூசுன சிசிஏ வயர். அதே தடிமன் சுத்த காப்பரை விட ஒன்றரை மடங்கு ரெசிஸ்டன்ஸ் அதுக்கு. அப்படியே பேட்டரி பக்கத்துல இருக்குற ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்க, கை சுடுதுன்னா ஸ்க்ரூ லூசு. அந்த ஃபியூஸ் பேட்டரியிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள இல்லேன்னா இன்னைக்கே மாத்துங்க, ஆம்ப்ல இருக்குற ஃபியூஸ் வயரைக் காப்பாத்தாது.

கெபாசிட்டர் பத்தி கேட்டீங்க. 1 ஃபாரட் கெபாசிட்டர் 45 ஆம்பியர் குடுத்தா ஒரு வோல்ட் இறங்க 22 மில்லிசெகண்ட், அவ்ளோதான் அதோட பலம். எர்த் சரியில்லாத வண்டியில அதைப் போடுறது காசுக்குப் பிடிச்ச கேடு.

கேள்வி: சார், எங்க வீட்டுக்காரர் கார்ல 4 சேனல் ஆம்ப் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு, பின்னாடி ரெண்டு சேனலை பிரிட்ஜ் பண்ணி (ரெண்டையும் ஒண்ணா சேத்து) ஒரே சப். அரை மணி நேரம் நல்லா ஓடும், அப்புறம் நின்னுடும், பத்து நிமிஷம் விட்டாதான் வரும். வெயில் காலத்துல இன்னும் மோசம்.
- கும்பகோணம் வாசகி

பதில்: உங்களுது சூடு, சந்தேகமே வேணாம்மா. ஆனா சீட்டுக்கு அடியில இருக்குறது மட்டும் காரணமான்னு பாக்கணும். அந்த சப் டூயல் காயில் (உள்ள ரெண்டு காயில்), ரெண்டும் 4 ஓம்னா, கடையில ரெண்டையும் பேரலலா சேத்திருப்பாங்க, அது 2 ஓம். பிரிட்ஜ் பண்ணும்போது ஒவ்வொரு சேனலும் அதுல பாதியைத்தான் பாக்கும், அதாவது 1 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிக கரண்ட் குடுத்து சூடாகும். நிறைய 4 சேனல் ஆம்புக்கு பிரிட்ஜ்ல 4 ஓமுக்கு கீழ ஆகாது, உங்க ஆம்ப் மேலயே எழுதிருக்கும் பாருங்க. சப் வயரை ஆம்ப்லேர்ந்து கழட்டி மீட்டர்ல ஓம் அளங்க, 4 ஓம்னா 3.5 கிட்ட காட்டும், பயப்படாதீங்க அது சரிதான். 2க்கு கீழ காட்டுனா காயிலை சீரியஸா (ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா) மாத்தச் சொல்லுங்க, 8 ஓம் ஆகும், சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப் பொழைச்சுக்கும். அப்புறம் கால் மேட்டை ஆம்ப் மேல போத்தி வச்சிருந்தா எடுத்துருங்க, கெயினையும் பேஸ் பூஸ்ட்டையும் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருந்தா இறக்குங்க. கெயின் வால்யூம் கிடையாது, உள்ள வர்ற சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துற திருகு.

கேள்வி: ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குனா சப் கட்டாகுது, அடுத்த குழியில திரும்ப வருது. ஆம்ப் லைட்டு பச்சையாவே இருக்கு.
- திண்டுக்கல் வாசகர்

பதில்: லைட்டே அணைஞ்சா ரிமோட் வயர் (ஆம்பை ஆன் பண்ணச் சொல்ற சின்ன வயர்) இல்லேன்னா பவர் வயர் லூசு, பச்சையாவே நின்னா ஆம்புக்கு வர்ற சிக்னல், இல்ல ஆம்புலேர்ந்து போற ஸ்பீக்கர் வயர். பாட்டு ஓடும்போது ஆர்சிஏ பின்னை (ஆம்புக்கு சிக்னல் கொண்டு வர்ற வயரோட முனை) லேசா ஆட்டுங்க, அதுலயே தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. இல்லேன்னா சப் வயரை ஆம்ப்லேர்ந்து எடுத்து 1.5 வோல்ட் பென் செல்லைத் தொட்டு வைங்க, கோன் டப்புனு ஒரு அசைவு குடுக்கணும். பாக்ஸைத் தட்டித் தட்டி தொடுங்க, ஒரு தடவை அசைஞ்சு ஒரு தடவை அசையலைன்னா பாக்ஸ் டெர்மினலுக்குப் பின்னாடி இருக்குற கிளிப், அதுவும் இறுக்கமா இருந்தா கோன்லேர்ந்து ஃப்ரேமுக்கு வர்ற பின்னல் கம்பி அறுந்து ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை சாதா வயர் வச்சு சால்டர் பண்ணாதீங்க, கோன் ஆடுற ஆட்டத்துல சீக்கிரமே முறிஞ்சிடும். ஸ்பீக்கர் ரீகோன் பண்றவங்ககிட்ட அந்தப் பின்னல் கம்பியே கிடைக்கும், மெட்ராஸ்னா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கேளுங்க.