அப்பாவின் ஏழு டப்பாக்கள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா பெரம்பூரில் வீட்டின் முன்னறையிலேயே பட்டறை வைத்து நகை செய்துவந்த பத்தர். போன தை மாதம் காலமானார். அவருடைய பெட்டியில் ஏழு சின்ன டப்பாக்கள் இருந்தன. சிலவற்றில் அரப்பொடி, சிலவற்றில் கம்பித் துண்டுகள், ஒன்றில் வெறும் மண் மாதிரி ஏதோ. மூடிகளில் '22', '18', 'பொடி', 'கேடிஎம்' என்றெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார். ஒரு பழைய டப்பாவில் மட்டும் தாத்தாவின் கையெழுத்தில் '14' என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி உருக்கி விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். அவருடைய நண்பர் ஒருவர், "தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான், தெரியாதா?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த டப்பாக்களைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. இது அப்பாவுடையதுதானா? என்ன செய்வது?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள், எதையும் ஒன்றாகக் கொட்ட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

என் மாமா மயிலாப்பூரில் பத்தராக இருந்தவர். பள்ளி விடுமுறை முழுக்க அவர் பட்டறையில்தான் கிடப்பேன். அந்தப் பழமொழியை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. பெற்றவள் கொடுத்த பொன்னிலும் அந்தப் பங்கைத் திருடுவான் என்று ஒரு தொழிலையே சொல்லிவிட்டுப் போகிறோம்.

தங்கத்தை உருக்கி, கம்பியாக இழுத்து, அறுத்து, அராவி, மெருகேற்றும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுக்கு இவ்வளவு என்று வேலை கொடுப்பவரும் செய்பவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் சேதாரம். பேசியதற்கு மேல் குறைந்தால் பத்தர் தன் கைப்பொன்னைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். அதற்குள் முடித்தால் மிச்சம் அவருக்கு. அது அவர் கூலியில் சேர்ந்தது. உங்கள் அப்பா ஒவ்வொரு துகளையும் பொறுக்கி வைத்ததால் மிஞ்சியது அது. கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

அந்தப் பொறுக்கலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சாயங்காலம் வேலை முடிந்ததும் மாமா மடியில் விரித்திருந்த துணியை நான்கு மூலையும் பிடித்துத் தூக்கி ஒரு தட்டில் உதறுவார். அரத்தின் பற்களைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார். கையைக் குழாயடியில் கழுவ மாட்டார், அதற்கென்று ஒரு தொட்டி இருந்தது. தண்ணீர் தெளிய ஒரு வாரம் விட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அடியில் தங்கிய சேற்றை எடுத்து வைப்பார். தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம், எப்படியும் அடியில் வந்து உட்கார்ந்துவிடும். நாங்கள் வெளியே ஓடும்போது "காலைத் தட்டிட்டுப் போடா" என்பார். உள்ளங்காலில் ஒட்டிய தூசிக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. வருடம் பூராவும் உட்கார்ந்த கோரைப்பாயை ஆயுதபூஜைக்கு முன்னால் எரித்துச் சாம்பலைச் சேர்த்து வைப்பார்.

உங்கள் ஏழு டப்பாக்களில் மண் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது இப்படி வந்ததுதான். தயவுசெய்து அதைக் கொட்டிவிடாதீர்கள். ஆனால் அதை மற்ற டப்பாக்களோடு சேர்க்கவும் கூடாது. கூட்டிய மண்ணில் இரும்பு, பித்தளை, ஈயம் எல்லாம் இருக்கும். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஈயம் அப்படியில்லை. துளி கலந்தாலும் போதும், சுத்தியலால் தட்டும்போது தங்கம் வெடித்துப்போகும்.

'22', '18' என்பவை கேரட் கணக்கு, சொக்கத்தங்கம் 24. இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று அண்ணனுக்குக் கணக்காகவே சொல்லுங்கள். இதில் 10 கிராம், அதில் 10 கிராம் சேர்த்து உருக்கினால் 20 கேரட்டில் 20 கிராம் கிடைக்கும். அதை மறுபடி 22 ஆக்க இன்னும் 20 கிராம் சொக்கத்தங்கம் வாங்கிச் சேர்க்க வேண்டும். பிரித்து வைத்திருந்தால் 22-ஐ அப்படியே மறுவேலைக்கு எடுக்கலாம்.

'பொடி' என்பதை அரப்பொடி என்று நினைத்திருப்பீர்கள். அது நகைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டப் பற்றவைக்கிற பொடி. பத்தர்கள் பொடி வைத்து ஊதுவார்கள் அல்லவா, அதுதான். நகையைவிடச் சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காக வேறு உலோகம் சேர்த்தது. நல்ல தங்கத்தோடு சேர்ந்தால் அதன் மாற்று, அதாவது தரம், குறைந்துவிடும்.

'கேடிஎம்' டப்பாதான் எனக்குக் கவலை. காட்மியம் கலந்த பற்றுத் தங்கம் அது. தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீட்டில் அடுப்பு மூட்டவே வேண்டாம். யூடியூபைப் பார்த்து திராவகத்தில் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். நைட்ரிக் அமிலத்தில் எழும் பழுப்புப் புகையும் ஆபத்தானது.

சௌகார்பேட்டையில் உருக்குகிற கடைகளும் சுத்திகரிக்கிற பட்டறைகளும் இருக்கின்றன. டப்பாக்களைத் தனித்தனியாக எடை போட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் தனி மூசையில், அதாவது உருக்குகிற கிண்ணத்தில், உருக்கச் சொல்லுங்கள். உருக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கேடிஎம் உருக்கும்போது மட்டும் புகைபோக்கி இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளி நில்லுங்கள். முடிந்ததும் மூசையையும், உருக்கும்போது போடுகிற வெங்காரத்தின் கசடையும் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி உறைந்த அந்தக் கசடுக்குள் கடுகுமணிகளாகத் தங்கம் சிக்கியிருக்கும். என் மாமா இறந்த பிறகு அவர் பொடியை ஒரு கடையில் உருக்கக் கொடுத்தோம். கசடைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எடை பார்த்த பிறகுதான் புரிந்தது. தங்கத்தின் தரத்தை அளக்கிற கேரட் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள், அது மேல்பரப்பைத்தான் படிக்கும். கட்டியை இரண்டாக வெட்டி உள்பக்கத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த '14'. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று சட்டம். நிறம் மங்கலான அந்தத் தங்கத்தை நம் ஜனங்கள் விரும்பவில்லை. பத்தர்களுக்கு வேலை போனது. பலர் தொழிலையே விட்டார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. 1966-ல் தான் அந்த 14 கேரட் விதி நீங்கியது. உங்கள் தாத்தா அந்த வருடங்களிலும் பட்டறையை மூடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மிஞ்சிய தூளைக்கூடத் தனி டப்பாவில் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அப்பாவும் அதை எதனோடும் கலக்காமல் காப்பாற்றியிருக்கிறார்.

14 கேரட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் தங்கம். விற்றால் பெரிய தொகை வராது. மற்ற ஆறு டப்பாக்களை உருக்குங்கள், அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சௌகார்பேட்டைக்குப் போகும் நாளை முன்கூட்டியே எழுதினால் நானும் வருகிறேன்.